பதினைந்து விநாடிகள்

ஒரு திரைப்படத்தைத் தடை செய்வதா, விடுவதா என்று வழக்கெழும் போதெல்லாம் வாதிடும் இரு தரப்பினரும் ஒரே கேள்வியைத்தான் சுற்றிச் சுற்றி வருகின்றனர். ‘இதைப் பார்ப்பவன் கெட்டுப் போவானா?’ என்பதே அக்கேள்வி. கெட்டே போவான் என்று ஒரு சாரார் அடித்துச் சொல்வர். மனிதன் என்ன களிமண்ணா, விரல் பட்ட இடமெல்லாம் குழிந்து போக என்று மறு சாரார் நகைப்பர். ஏடுகள் எழுதும்; பாராளுமன்றம் பேசும்; கத்தரிக்கோல் வேலை செய்யும். இருபது ஆண்டுகள் கழிந்ததும் வெட்டிய துண்டுகள் ஓசையின்றித் திரும்ப ஒட்டப்படும். இத்தனைக்கும் நடுவே, எவரும் அதிகம் கேளாத இன்னொரு கேள்வி ஓரத்திலே நின்று கொண்டிருக்கிறது. திரையில் நாம் காண்கின்ற அந்த உடலுக்கு உண்மையில் நேர்ந்தது என்ன என்பது அது.

பேய், பிசாசு, பூட்டிய பங்களா வகைப் படங்களை நான் இங்கே பேச எடுத்துக்கொள்ளவில்லை. அவை பிள்ளைகளின் ஓரிரவு உறக்கத்தைக் கெடுப்பதோடு ஓய்ந்துவிடும். உடல் அறுபடுவதையும் சிதைவதையும் நின்று நிதானமாகக் காட்டுவதையே தொழிலாகக் கொண்ட படங்கள் உண்டு. அவற்றைக் கோரப் படங்கள் என்று வைத்துக்கொள்வோம். இக்கட்டுரைக்காக அப்படங்களை நான் பார்க்கவில்லை. அவற்றின் மீது நடந்த வழக்குகளையும் இயற்றப்பட்ட சட்டங்களையும் படித்தே எழுதுகிறேன். பார்க்காதவனுக்கு இதில் என்ன பேச்சு என்று வாசகர் கேட்கலாம். எது பார்க்கத் தக்கது, எது தகாதது என்பதே இங்கு ஆராயப்படுவதால், அக்கேள்விக்குரிய விடையும் போகப் போகத் தெரியும்.

1970களின் இறுதியில் வீடியோ கேசட் இங்கிலாந்தின் வீடுகளுக்குள் புகுந்தது. கொட்டகையில் காட்டும் படத்துக்கு அந்நாட்டில் 1912 முதலே தணிக்கைக் குழு உண்டு. கேசட்டுக்கோ அத்தகைய கட்டுப்பாடு எதுவும் இல்லை. பெரிய ஸ்டுடியோக்கள் தங்கள் படங்களைக் கேசட்டில் வெளியிட முதலில் தயங்கின. அந்த வெற்றிடத்தைச் சிறு வினியோகஸ்தர்கள் இத்தாலியிலும் அமெரிக்காவிலும் மலிவாகக் கிடைத்த கோரப் படங்களால் நிரப்பினர். பெட்ரோல் நிலையங்களிலும் பத்திரிகைக் கடைகளிலுங்கூட அவை வாடகைக்குக் கிடைத்தன. 1982இல் ‘டிரில்லர் கில்லர்’ என்ற படத்தின் விளம்பரம் வெளிவந்தது. ஒரு மனிதனின் நெற்றியில் துளையிடும் கருவி இறங்குவதை அது காட்டியது. புகார்கள் குவிந்தன. அவ்வாண்டு மே மாதம் ‘சண்டே டைம்ஸ்’ ஏடு இதனைக் குறித்து எழுத, பிற ஏடுகளும் எடுத்துக்கொண்டன. பள்ளி ஆசிரியையாக இருந்து ஒழுக்க இயக்கத்துக்குத் தலைமை ஏற்ற மேரி வைட்ஹவுஸ் அம்மையார் முழு மூச்சோடு களத்தில் இறங்கினார். ‘வீடியோ நாஸ்டி’ என்ற புதுப் பெயரும் அக்காலத்தில் பிறந்ததே. அருவருக்கத்தக்க வீடியோ என்பது அதன் கருத்து.

வழக்குத் தொடர்வதற்கு அரசுக்குக் கிடைத்த ஆயுதம் 1959ஆம் ஆண்டின் ஆபாச வெளியீடுகள் சட்டம். பார்ப்போரின் உள்ளத்தைச் சீர்குலைத்துக் கெடுக்கும் இயல்பு ஒரு வெளியீட்டுக்கு உண்டா என்பதே அச்சட்டம் வைக்கும் உரைகல். இது தங்கத்தை உரைக்கும் கல்லாக இருந்தால் கவலை இல்லை. இங்கே உரைக்கப்படுவது மனித உள்ளம்! ஓர் ஊர் ஜூரிகள் ஒரே படத்தைக் குற்றம் என்றனர். அடுத்த ஊர் ஜூரிகள் குற்றமில்லை என்றனர். எதனை வைத்திருந்தால் போலீஸ் வரும், எதனை வைத்திருந்தால் வராது என்பது கடைக்காரனுக்கே விளங்கவில்லை. அரசு வழக்குத் துறை ஒரு பட்டியல் வெளியிட்டது. காலப்போக்கில் மொத்தம் 72 படங்கள் அதில் இடம் பெற்றன. அவற்றுள் 39 படங்களின் மீதே வழக்கு வென்றது. எஞ்சியவை பட்டியலில் ஏறி இறங்கியதோடு சரி. ‘ஈவில் டெட்’ என்ற படம் பல ஊர் நீதிமன்றங்களில் அலைந்து 1984இல் விடுதலை பெற்றது. தலைப்பை மட்டும் கண்டு ஏமாந்த போலீசார், ‘தி பிக் ரெட் ஒன்’ என்ற போர்ப் படத்தின் கேசட்டையும் ஏதோ ஆபாசம் என்றெண்ணி அள்ளிச் சென்றனர். அது இரண்டாம் உலகப் போரில் பங்கேற்ற ஓர் அமெரிக்கப் படைப் பிரிவின் கதை!

புள்ளிவிவரங்களும் வந்து சேர்ந்தன. பத்துப் பிள்ளைகளில் நால்வருக்கு மேல் இத்தகைய படங்களைப் பார்த்துள்ளனர் என்று 1983இல் ஓர் அறிக்கை வெளியாயிற்று. அதனை ஐயுற்ற ஆய்வாளர்கள் ஒரு வேலை செய்தனர். இல்லாத படங்களுக்குப் பெயர் சூட்டி, ‘இவற்றைப் பார்த்திருக்கிறாயா?’ என்று பள்ளிப் பிள்ளைகளிடம் கேட்டனர். பெரும்பாலோர் பார்த்திருப்பதாகவே கூறினர். வகுப்பறையில் நின்று பழகியவர்களுக்கு இதில் வியப்பு ஏதுமில்லை. பக்கத்துப் பையன் கண்டதைத் தான் காணவில்லை என்று எந்தப் பையன் ஒப்புக்கொள்வான்?

அடுத்து வந்தது சட்டம். கிரஹாம் பிரைட் என்ற உறுப்பினர் தனிநபர் மசோதாவாகக் கொண்டுவந்த வீடியோ பதிவுகள் சட்டம் 1984இல் நிறைவேறியது. அதன்பின் முத்திரை பெறாத கேசட்டை விற்பதும் வாடகைக்கு விடுவதும் குற்றமாயின. கொட்டகைக்காகப் பிறந்த தணிக்கைக் குழுவே வீட்டுத் திரைக்கும் காவலாயிற்று. அதே ஆண்டில் அக்குழு தன் பெயரிலிருந்த ‘தணிக்கை’ என்ற சொல்லை நீக்கிவிட்டு ‘வகைப்படுத்தல்’ என்று சூட்டிக்கொண்டது ஒரு வேடிக்கை. இச்சட்டத்தை ஐரோப்பிய ஆணையத்துக்கு முறைப்படி அறிவிக்க மறந்துவிட்டார்கள் என்பதும், ஆகவே அது செயற்படுத்தத் தக்கதே அன்று என்பதும் 2009இல் தெரிய வந்தது இன்னொரு வேடிக்கை. 25 ஆண்டுகள் கடைக்காரர்கள் தண்டனை பெற்றுக்கொண்டிருந்த சட்டம் அது. 2010 தொடக்கத்தில் அவசரமாக அதனை மீண்டும் நிறைவேற்றினர். அந்த பிரைட் அவர்கள் தொலைக்காட்சிப் பேட்டி ஒன்றில், இப்படங்கள் இளைஞரை மட்டுமன்றி நாய்களையும் பாதிக்கும் என்று கூறி, நாடு முழுவதும் நகைக்கும்படி ஆயிற்று. விலங்கைப் பற்றிய இப்பேச்சை வாசகர் சற்றே நினைவில் வைத்திருக்க வேண்டும். அவர் தேடிய இடத்தில் இல்லாவிட்டாலும், வேறோர் இடத்தில் விலங்குகள் உண்மையாகவே பாதிக்கப்பட்டிருந்தன.

இதையெல்லாம் படித்துவிட்டு, தணிக்கை என்பதே மூடர் வேலை என்று முடிவு கட்டுவோர் உளர். நான் அவர்களோடு சேர மாட்டேன். ஓர் ஆங்கிலேயத் தந்தை தன் வீட்டுக் கூடத்தில், தன் பத்து வயதுப் பிள்ளையின் கைக்கெட்டும் தூரத்தில் இது இருக்கலாகாது என்று எண்ணினாரே, அந்த எண்ணத்தில் நகைப்பதற்கு ஒன்றுமில்லை. வீட்டு நிலைப்படியைத் தாண்டி எது வரலாம் என்று முடிவு செய்வது இல்லத் தலைவர்களின் பழைய உரிமை. அதற்குக் காரணம் காட்ட வேண்டிய கடமையுங்கூட அவர்களுக்கு இல்லை. ‘எனக்குப் பிடிக்கவில்லை, என் வீட்டில் வேண்டாம்’ என்று சொன்னால் போதும். அத்தந்தையின் சார்பில் பேச வந்தவர்கள் அதோடு நிறுத்தவில்லை. அவருடைய அருவருப்பை ஒரு மருத்துவச் செய்தியாக மாற்றினர். இதைப் பார்க்கும் பிள்ளை கொலைகாரனாவான் என்று நிறுவ முனைந்தனர். நிறுவ இயலாதபோது, அருவருப்பும் சேர்ந்தே தோற்றதாகத் தோன்றிற்று.

1993இல் இதே கதை மீண்டும் நடந்தது. லிவர்பூல் அருகே இரண்டு வயதுக் குழந்தையொன்றைப் பத்து வயதுச் சிறுவர் இருவர் கடத்திச் சென்று கொன்றனர். நாடே அதிர்ந்தது. ‘சைல்ட்ஸ் பிளே 3’ என்ற படமே காரணம் என்று ஏடுகள் கொட்டை எழுத்தில் எழுதின. அச்சிறுவர்கள் அப்படத்தைக் கண்டதற்குப் போலீசார் எந்தச் சான்றும் காணவில்லை. ஆயினும் அடுத்த ஆண்டே சட்டம் இறுக்கப்பட்டது. பெருந்துயரத்துக்கு எதிரே நின்று ‘காரணம் தெரியவில்லை’ என்று சொல்ல எந்த அரசுக்கும் துணிவு வருவதில்லை போலும். கடை அலமாரியில் இருக்கும் கேசட் கைக்கு எட்டுகிற காரணம். அச்சிறுவர்கள் வளர்ந்த வீடுகளின் நிலை அவ்வளவு எளிதில் கைக்கெட்டாது.

சரி, மனிதர் ஏன் இவற்றைப் பார்க்க விரும்புகின்றனர்? இக்கேள்வி கேசட்டினும் பழையது. பிளேட்டோ தம் ‘குடியரசு’ நூலில் லியான்டியஸ் என்பவனின் கதையைச் சொல்கிறார். ஏதென்ஸ் நகர் மதிலோரம் நடந்து வந்தவன், கொலைக்களத்தருகே பிணங்கள் கிடப்பதைக் கண்டான். பார்க்க வேண்டும் என்ற ஆசை ஒருபுறம். சீ என்ற வெறுப்பு ஒருபுறம். முகத்தை மூடிக்கொண்டு சற்று நேரம் போராடினான். முடிவில் கண்களை அகலத் திறந்துகொண்டு ஓடிப் போய், தன் கண்களையே திட்டியவாறு பார்த்தான். மனித நெஞ்சுக்குள் ஒன்றோடொன்று மல்லுக்கு நிற்கும் பகுதிகள் உள என்பதற்கு இதனை அவர் சான்றாக வைத்தார்.

அவர் மாணாக்கர் அரிஸ்டாட்டில் இதிலே ஒரு நுட்பமான வேறுபாட்டைக் கண்டார். நேரில் கண்டால் அருவருக்கும் இழிந்த பிராணிகளையும் பிணங்களையும், ஓவியத்தில் தத்ரூபமாகக் காணும்போது நாம் மகிழ்கிறோம் என்றார் அவர். நேரில் துன்பம், பாவனையில் இன்பம். அவருடைய கவிதை இயல் நூலை ஹிஜ்ரி நான்காம் நூற்றாண்டில் அபூ பிஷ்ர் மத்தா ஸிரியாக் மொழிவழியே அரபுக்குக் கொண்டுவந்தார். கிரேக்க நாடக மேடையை அறியாத அரபு அறிஞர்கள் அந்நூலோடு பட்ட பாடு தனிக்கதை. சோக நாடகம் என்பதைப் புகழ்க் கவிதை என்றும், நகை நாடகம் என்பதை வசைக் கவிதை என்றும் மத்தா பெயர்த்தார். பேரறிஞர் இப்னு ருஷ்தும் அதனை அப்படியே வைத்துக்கொண்டு உரை எழுதினார். அவ்வுரை 1256இல் இலத்தீனில் பெயர்க்கப்பட்டு ஐரோப்பியருக்கு நெடுங்காலம் வழிகாட்டிற்று என்பது வரலாற்றின் குறும்பு. மேடையைத் தவறவிட்டாலும் அந்த ஒரு கருத்தை அவர்கள் தவறவிடவில்லை. இப்னு ஸீனா அதனை எவ்வளவு தெளிவாக எடுத்துச் சொல்கிறார்! அருவருப்பூட்டும் பிராணியின் உருவச் சித்திரத்தை மனிதர் ரசிப்பர். அப்பிராணியே எதிரில் வந்தால் ஒதுங்கி ஓடுவர். ஆகவே இன்பம் தருவது அப்பொருளே அன்று. அதனை ஒத்துக் காட்டும் வித்தை. இதனை அரபு நூல்கள் ‘முஹாகாத்’ என்று குறிக்கும்.

இந்த அளவுகோலைக் கையில் எடுத்துக்கொண்டால் கோரப் படங்களில் பெரும்பாலானவை ஒரே பக்கம் சாய்கின்றன. சர்க்கரைப் பாகும் சிவப்புச் சாயமும் கலந்த குருதி. ரப்பரில் வார்த்த கை கால். படப்பிடிப்பு முடிந்ததும் முகத்தைக் கழுவிவிட்டுச் சாப்பிடப் போகும் பிணங்கள். பார்ப்பவனும் அதனை அறிவான். அவனுக்கும் படம் எடுத்தவனுக்கும் இடையே சொல்லப்படாத ஓர் ஒப்பந்தம் இருக்கிறது. ‘டெக்ஸஸ் செயின் சா மாஸக்கர்’ என்ற 1974ஆம் ஆண்டுப் படத்தை ஆங்கிலேயத் தணிக்கைக் குழு மறுத்து, 1999இல் தான் வெட்டேதுமின்றி அனுமதித்தது. உண்மையில் அதில் திரையில் தெரியும் குருதி மிகக் குறைவு என்பர். இத்தகைய படம் ரசனைக்குக் கேடா? கேடுதான் என்பேன். நல்ல பொழுதுபோக்கா? இல்லை. ஆனால் அதனை எடுத்ததில் எவன் உயிரும் போகவில்லை. வயது வந்த ஒருவன் தன் நேரத்தை அதில் வீணடித்தால், அது அவன் கணக்கு.

1980ஆம் ஆண்டுப் படமான ‘கேனிபல் ஹோலோகாஸ்ட்’ அந்த ஒப்பந்தத்தையே உடைத்தது. ருஜேரோ தியோதாத்தோ என்ற இத்தாலிய இயக்குநர் கொலம்பியாவின் அமேசான் காடுகளில் அதனை எடுத்தார். காட்டுக்குப் போய்க் காணாமற்போன அமெரிக்கப் படப்பிடிப்புக் குழு ஒன்றின் சுருள்கள் பின்னர் கிடைக்கின்றன. அவற்றைப் போட்டுப் பார்த்தால், பரபரப்பான காட்சி வேண்டி அக்குழுவினரே கொடுமைகளை நடத்திப் படம் பிடித்தது தெரிகிறது. கதை இவ்வளவே. காட்சிக்காகக் கொடுமை செய்பவன்தான் உண்மையான காட்டுமிராண்டி என்று அப்படம் சொல்ல வருகிறது.

மிலான் நகரில் 1980 பிப்ரவரியில் படம் வெளியான சில நாட்களிலேயே அதிகாரிகள் அதனைப் பறிமுதல் செய்தனர். ஆபாசக் குற்றச்சாட்டோடு தொடங்கிய வழக்கில், படத்திற்காக நடிகர்கள் உண்மையிலேயே கொல்லப்பட்டனரோ என்ற பயங்கர ஐயமும் சேர்ந்துகொண்டது. ஐயத்துக்குக் காரணம் இருந்தது. உண்மை போலத் தோன்ற வேண்டும் என்பதற்காக, ஓராண்டுக் காலம் வெளியே தலைகாட்டலாகாது என்று நடிகர்களிடம் ஒப்பந்தம் வாங்கப்பட்டிருந்தது. இயக்குநர் அவர்களைத் தேடிப் பிடித்து, உயிரோடு இருப்பதை மெய்ப்பிக்க வேண்டியதாயிற்று. கழுவேற்றப்பட்ட பெண்ணின் காட்சியை எப்படி எடுத்தார் என்பதையும் விளக்கினார். இரும்புக் கம்பத்தில் பொருத்திய சைக்கிள் இருக்கையில் அவளை அமரச் செய்து, வாயில் ஓர் இலேசான மரக்குச்சியைக் கவ்வச் செய்தாராம். கொலைக் குற்றச்சாட்டு கரைந்து போயிற்று. பாவனை பாவனையே என்று நிலைநாட்டப்பட்டது.

நடிகர்கள் வந்தார்கள். ஆமையும் குரங்கும் வர இயலவில்லை.

அப்படத்துக்காக உண்மையாகவே விலங்குகள் கொல்லப்பட்டன. நீண்ட மூக்குடைய கோவாட்டி என்ற சிறு விலங்கு ஒன்று, பெரிய ஆமை ஒன்று, ஒரு பாம்பு, ஒரு சிலந்தி, ஒரு பன்றி, சிறு குரங்குகள் இரண்டு. படத்தில் சாவது ஒரே குரங்குதான். அந்தக் காட்சி இருமுறை எடுக்கப்பட்டது. ஆகவே குரங்குகள் இரண்டு. இந்த ஒரு செய்தியைப் படித்த இடத்தில் நான் நெடுநேரம் நின்றுவிட்டேன். ஒரு நடிகன் வசனத்தை மறந்தால் மறுபடி எடுப்பார்கள். அங்கே மறுபடி எடுப்பதென்றால் இன்னோர் உயிர். இத்தாலிய நீதிமன்றம் விலங்கு வதையையும் குற்றத்தில் சேர்த்து, ஒத்திவைக்கப்பட்ட நான்கு மாதத் தண்டனை விதித்தது. 1984இல் படத்தின் மீதான தடை நீங்கிற்று. விலங்குகளைக் கொன்றது மடமை என்று தியோதாத்தோ பிற்காலத்தில் கூறினார். 2022இல் அவர் காலமானார்.

அவ்விலங்குகள் படத்தில் செய்த வேலை என்ன என்று எண்ணிப் பாருங்கள். அவற்றின் சாவு மெய்யாக இருப்பதால், அதைத் தொடர்ந்து வரும் மனிதச் சாவும் மெய்யாகவே இருக்குமோ என்று பார்ப்பவன் நெஞ்சு நடுங்குகிறது. அதாவது ஒரு பொய்யை விலைபோகச் செய்வதற்கு ஓர் உயிர் நாணயமாகச் செலவழிக்கப்பட்டது. காட்சிக்காகக் கொடுமை செய்பவனைக் கண்டிக்க வந்த படம், காட்சிக்காகக் கொடுமை செய்தது.

இங்கே நம் வாசகக் குடும்பங்களுக்குள் எழக்கூடிய ஆட்சேபம் எனக்குத் தெரியும். பிராணிகளை அறுத்து உண்ணும் நாம் இதனைப் பேசலாமா? அக்காட்டுவாசிகளும் கொன்ற விலங்குகளை உண்டார்களே என்று படத்தின் சார்பிலும் சமாதானம் சொல்லப்பட்டதுண்டு. நியாயமான ஆட்சேபமே, மழுப்பாமல் விடை காண வேண்டும். நம் ஃபிக்ஹு நூல்களில் அறுப்பு பற்றிய பாடத்தை ஓதியவர்கள் அதன் ஒழுங்குகளை நினைவுகூரட்டும். கத்தி கூர்மையாயிருக்க வேண்டும். பிராணியின் கண்ணெதிரே அதனைத் தீட்டலாகாது. ஒன்று பார்க்க மற்றொன்றை அறுக்கலாகாது. வேதனையைக் குறைப்பது இவற்றின் ஒரு நோக்கம் என்பது வெளிப்படை. சற்று ஆழ்ந்து நோக்கினால் இன்னொன்றும் புலப்படும். இவ்வொழுங்குகள் யாவும் மறைப்பை நோக்கியே செல்கின்றன. தேவைக்காக உயிர் எடுக்கப்படுகிறது. ஆயினும் அது எவர் கண்ணுக்கும் விருந்தாகலாகாது, இன்னொரு பிராணியின் கண்ணுக்கு அச்சமாகவும் ஆகலாகாது. கேமரா செய்ததோ நேர் எதிர். அங்கே இறைச்சி பின்னர் வந்த உபரி. கண்ணுக்குக் காட்டுவதே கொன்றதன் காரணம். காரணம் மாறினால் செயலே மாறிவிடும் என்பது நிய்யத்தைப் பற்றி அறிந்த சமுதாயத்துக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டியதா?

இங்கிலாந்தில் அப்படத்தின் கதி என்னவாயிற்று என்பதைக் கேளுங்கள். 72 படப் பட்டியலில் அதுவும் இருந்தது, வழக்கில் தோற்றது. 2001இல் ஏறத்தாழ ஆறு நிமிடக் காட்சிகளை வெட்டிய பிறகு வயது வந்தோருக்கென அனுமதிக்கப்பட்டது. 2011இல் தணிக்கைக் குழு மறுபடி ஆராய்ந்தது. முப்பதாண்டுகளில் உலகம் மாறியிருந்தது. பாவனைக் கொலைகள், பாவனைச் சித்திரவதைகள் அனைத்தையும் அது திரும்ப அனுமதித்தது. நாட்டைக் கெடுக்கும் என்று பாராளுமன்றம் அஞ்சிய காட்சிகள் எவையும் எஞ்சிய வெட்டில் இல்லை. எஞ்சியது ஒரே வெட்டு. அளவு பதினைந்து விநாடிகள். அந்தக் கோவாட்டி கத்தியால் குத்துண்டு கதறும் காட்சி.

அதற்குச் சட்டம் இருந்தது. வீடியோவுக்கு வெகு முன்னரே, 1937இல், விலங்குகள் குறித்த திரைப்படச் சட்டம் ஒன்று அந்நாட்டில் இயற்றப்பட்டது. படம் எடுப்பதற்காக ஒரு விலங்குக்குக் கொடூரமான வேதனையோ அச்சமோ ஏற்படுத்தப்பட்டிருந்தால் அக்காட்சியைத் திரையிடலாகாது என்கிறது அச்சட்டம். பார்ப்பவனின் உள்ளத்தை அது உரைத்துப் பார்ப்பதில்லை. அவன் கெட்டானா, திருந்தினானா, தூங்கிப் போனானா என்று கேட்பதில்லை. கேமராவின் முன்னே உண்மையில் என்ன நடந்தது என்ற ஒன்றையே கேட்கிறது. ஆகவே அதற்கு விடை காண முடிகிறது. ஊருக்கு ஊர் ஜூரிகள் மாறுபட்டு நிற்கவில்லை. முப்பதாண்டு ஆரவாரத்தில் புயலுக்குப் பின் நிற்கும் மரம் போல் நின்றது, எவரும் முழக்கமிடாத இந்தப் பழைய சட்டம் ஒன்றுதான்.

அதிலும் எனக்கொரு குறை உண்டு. வேதனையின்றி விரைவாகக் கொல்வதை அச்சட்டம் தடுப்பதில்லை. ஆமையும் குரங்கும் விரைவாக வெட்டப்பட்டன என்பதால் அக்காட்சிகள் தப்பின. வேதனையின் நேரத்தைச் சட்டம் அளந்தது. கொன்றதன் நோக்கத்தை அளக்கவில்லை. ஓர் உயிரைக் காட்சிக்காகவே போக்கியிருந்தால், ஒரு நொடியில் போக்கினாலும் அதுவும் விலக்கத்தக்கதே என்பது என் கருத்து. பதினைந்து விநாடி வெட்டு எனக்குப் போதாது. அதே வேளையில், சாயக் குருதிக்காக 1984இல் ஒரு வினியோகஸ்தரைச் சிறைக்கு அனுப்பியது மிகை.

இவ்வளவுகோல் விலங்குகளோடு நிற்பதன்று. இங்கிலாந்தின் 1978ஆம் ஆண்டுக் குழந்தைகள் பாதுகாப்புச் சட்டம், குழந்தைகளை இழிவாகக் காட்டும் படங்களைத் தடுக்கிறது. அங்கும் பார்ப்பவன் கெடுவானா என்று எவரும் நின்று கேட்பதில்லை. படத்திலுள்ள குழந்தையை எண்ணுகிறார்கள். 2010ஆம் ஆண்டின் ‘எ செர்பியன் ஃபிலிம்’ என்ற படத்தில் நான்கு நிமிடங்களுக்கு மேல் அங்கே வெட்டப்பட்டது. அதன் உள்ளடக்கத்தைக் குடும்பங்கள் படிக்கும் இந்த ஏட்டில் எழுத என் பேனா கூசுகிறது. அடுத்த ஆண்டு ‘ஹ்யூமன் சென்டிபீட் 2’ என்ற படம் முதலில் முழுமையாக மறுக்கப்பட்டு, சில மாதங்களில் இரண்டரை நிமிட வெட்டுகளோடு அனுமதி பெற்றது. மறுக்கப்பட்டது என்ற செய்தியே அதற்கு விளம்பரமாயிற்று. பழைய 72 படப் பட்டியலையும் இன்று சேகரிப்பாளர்கள் தேடித் தேடி வாங்குகின்றனர். அரசாங்கமே தயாரித்துக் கொடுத்த விலைப் பட்டியல்!

‘கேனிபல் ஹோலோகாஸ்ட்’ படத்தின் 2005ஆம் ஆண்டு அமெரிக்கக் குறுந்தகட்டில் ஒரு வசதி வைத்தார்கள். விலங்கு வதைக் காட்சிகள் நீங்கலாகவும் பார்க்கலாம், முழுமையாகவும் பார்க்கலாம். பொத்தான் பார்ப்பவன் கையில். லியான்டியஸ் முகத்தை மூடிக்கொண்டு நின்ற அந்தச் சிறு பொழுதுதான் அப்பொத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

இன்றோ பொத்தானுக்கும் வேலை இல்லை. 2019 மார்ச் 15 அன்று நியூஸிலாந்தின் கிரைஸ்ட்சர்ச் நகரில், ஜும்ஆவுக்காகப் பள்ளிவாசல்களில் கூடியிருந்தோர் மீது ஒரு கொடியவன் துப்பாக்கியால் சுட்டான். 51 பேர் ஷஹீதானார்கள். தலையில் பொருத்திய கேமரா வழியே அவன் அதனை ஃபேஸ்புக்கில் நேரடியாகக் காட்டினான். முதல் 24 மணி நேரத்தில் அதன் 15 இலட்சம் பிரதிகளை நீக்கியதாக அந்நிறுவனம் அறிவித்தது. நீக்க வேண்டியவை அத்தனை என்றால், அனுப்பியவர்கள் எத்தனை பேர்! கோரப் படங்களுக்கு வயது முத்திரை குத்தும் அதே நியூஸிலாந்து தணிக்கை அலுவலகம் சில நாட்களில் அந்த வீடியோவைத் தடை செய்தது. அதனை வைத்திருப்பதும் பகிர்வதும் குற்றமாயின. பகிர்ந்ததற்காகச் சிறை சென்றவர்களும் உண்டு. தடையை எதிர்த்துக் கலைச் சுதந்திரம் பேசுவதற்கு அங்கே பாவனை ஏதும் இல்லை. பார்ப்பவன் கெடுவானா என்று காத்திருக்கவும் அவசியமில்லை. அங்கே விழுந்தவர்கள் முகம் கழுவிக்கொண்டு எழப் போவதில்லை. தங்களைப் பார்க்கும்படி எவருக்கும் அவர்கள் சம்மதம் தரவும் இல்லை.

ஆய்வுக்காகவோ செய்திக்காகவோ பார்க்க வேண்டியவர்கள் தனி அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம் என்று அந்த அலுவலகம் அறிவித்தது. ஒரு வீடியோவை இன்ன வகை என்று தீர்மானிக்க யாராவது அதனைப் பார்த்தாக வேண்டும். அந்த அலுவலகத்தின் ஊழியர்கள் பார்த்தார்கள். அது ஏறத்தாழ பதினேழு நிமிடங்கள் ஓடுவது.